தலையில் வைத்த கை

ஆதிலட்சுமி டீச்சருக்கும் இங்கிலீஷுக்கும் எந்த விரோதமும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது பாட்டுக்கு அது இருந்தது, அவள் பாட்டுக்கு அவள் இருந்தாள். கீழ்பென்னாத்தூர் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்தால் வருகிற தொடக்கப் பள்ளி அவளுடையது. மொத்தமே இரண்டு டீச்சர்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை ஆதிலட்சுமி. தலைமையாசிரியையும் அவளே. நான்கும் ஐந்தும் அருணாதேவி. பிள்ளைகளுக்கு அவர்கள் பெரிய டீச்சர், சின்ன டீச்சர். கழிவறைக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதிலிருந்து செல்போனில் வருகைப் பதிவு ஏற்றுவது வரை எல்லாம் இந்த இரண்டு பேர் தலையில்தான் விடியும்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியின் குறுக்கே ஒரு தீர்ப்பு வந்து விழுந்தது. ஏற்கெனவே வேலையில் இருக்கிற ஆசிரியர்களும் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும், தேறாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று. ஆதிலட்சுமிக்கு வயது ஐம்பத்தொன்று. அருணாவுக்கு நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு. இந்த வயதில் பரீட்சை எழுதச் சொன்னால் சிரிப்புத்தான் வர வேண்டும். ஆனால் இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை. ஆதிலட்சுமியின் புருஷன் அப்பாதுரைக்கு போர் போட்ட கிணறு வறண்டு போய், மூட்டுவலியும் சேர்ந்துகொண்டதில், வீட்டு உலை இவள் சம்பளத்தில்தான் கொதித்தது. அருணாவின் புருஷன் செங்கம் ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் ஓவியா நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு அருணாவை விட்டால் வேறு நாதி கிடையாது.

தமிழும் கணக்கும் ஆதிலட்சுமிக்குத் தண்ணி பட்ட பாடு. குழந்தை உளவியல்கூட உருப்போட்டால் வந்துவிடும். இங்கிலீஷ்தான் வாசலிலேயே உட்கார்ந்து வழி மறித்தது. அதிலும் இந்த அட்ஜெக்டிவ், அட்வெர்ப் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்று அவளை ஏய்த்தன. செல்போன் வீடியோவில் பாடம் நடத்துகிற ஒரு சார், "வாலைப் பாருங்க, எல்-ஒய் வால் இருந்தா அட்வெர்ப், இல்லாட்டி அட்ஜெக்டிவ்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதை நம்பி அருணா வைத்த மாதிரித் தேர்வில் உட்கார்ந்தாள். ஃப்ரெண்ட்லிக்கு வால் இருந்தது, அது அட்ஜெக்டிவ். ஃபாஸ்ட்டுக்கு வாலே இல்லை, அது இடத்துக்கு ஏற்றபடி இரண்டுமாக இருந்தது.

"வால் இருந்தும் ஏமாத்துது, வால் இல்லாமலும் ஏமாத்துது. என்னா எழவு பாஷைடி இது?" என்று பேனாவை மூடிவிட்டாள் ஆதிலட்சுமி.

"வாலை உட்டுத் தள்ளுங்கக்கா" என்றாள் அருணா. "நல்ல பாட்டுன்னு சொல்றோம். நல்லா பாடினான்னு சொல்றோம். நம்ம ஒண்ணாங் கிளாஸ் பையன்கூட அதை மாத்திச் சொல்ல மாட்டான். அதே மாதிரிதான். அந்த வார்த்தை எதைப் புடிச்சிக்கினு நிக்குதுன்னு மட்டும் பாருங்க. ஆளையோ பொருளையோ புடிச்சிக்கினு நின்னா அட்ஜெக்டிவ். செய்ற வேலையைப் புடிச்சிக்கினா அட்வெர்ப். ஃபாஸ்ட் பஸ்ஸுன்னா பஸ்ஸைப் புடிச்சிருக்குது. பஸ்ஸு ஃபாஸ்ட்டா போவுதுன்னா போறதைப் புடிச்சிருக்குது."

புரிந்தது. ஆனால் மண்டைக்குள் தங்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கே பாடம் நடத்திப் பழகியவளுக்கு எதுவும் உடம்பு வழியாகப் போனால்தான் உள்ளே தங்கும். மழை என்றால் பத்து விரலும் கீழே இறங்க வேண்டும், யானை என்றால் தும்பிக்கை ஆட வேண்டும். இதற்கும் அவளே ஒரு ஆக்‌ஷன் கண்டுபிடித்தாள். ஆளையோ பொருளையோ பிடித்துக்கொண்ட வார்த்தை என்றால் உள்ளங்கையைத் தன் உச்சந்தலையில் வைக்க வேண்டும். வேலையைப் பிடித்துக்கொண்டது என்றால் இடது உள்ளங்கையில் வலது கையின் இரண்டு விரல் நடந்து போக வேண்டும்.

பிள்ளைகளிடம் முதலில் சோதித்துப் பார்த்தாள். கொண்டாடிவிட்டார்கள். அருணாவும் தன் வகுப்பில் ஆரம்பித்தாள். அப்புறம் பள்ளிக்கூடத்தில் எந்த இங்கிலீஷ் வார்த்தை காதில் விழுந்தாலும் கை சும்மா இருக்காது என்று ஆகிவிட்டது. காலையில் "குட் மார்னிங் டீச்சர்" சொல்லும்போது அந்த 'குட்'டுக்கு அத்தனை பேரும் தலையில் கையை வைத்தார்கள். போலீஸ்காரனுக்குச் சல்யூட் அடிக்கிற மாதிரி இருந்தது. சத்துணவு அக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள். பஸ்ஸில் போகும்போது கண்டக்டர் "ரைட், ஸ்லோவா போப்பா" என்று கத்தினால் டீச்சர்கள் இருவர் விரலும் ஹேண்ட்பேக் மேல் தானாக நடந்தன. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அந்த இரண்டு மாதமும் ஆதிலட்சுமி சந்தோஷமாக இருந்தாள். படிப்பு இப்படியும் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதே இல்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஒருத்தருக்கு அடுத்து ஒருத்தராக உட்கார்ந்துதான் விண்ணப்பம் போட்டார்கள். தேர்வு மையமும் ஒன்றாகவே வந்தது. திருவண்ணாமலையிலேயே ஒரு பள்ளி. போய்ப் பார்த்தால் அறையும் ஒன்று, பக்கத்துப் பக்கத்து வரிசை. "அண்ணாமலையாரே பாத்து உக்கார வெச்சிருக்காருக்கா" என்று அருணா காதில் கிசுகிசுத்தாள். ஜன்னலில் மலை முழுசாகத் தெரிந்தது. ஆதிலட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தமிழ் முடித்தாள், கணக்கு முடித்தாள், இங்கிலீஷுக்கு வந்தாள். பயந்த மாதிரியே இரட்டைப் பிள்ளைகள் வரிசையாக நின்றன. பயப்படவில்லை. ஒவ்வொன்றையும் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்று கேட்டாள். கேட்கக் கேட்கக் கை தலைக்குப் போனது, விரல் மேசை மேல் நடந்தது. அது போவதும் வருவதும் அவளுக்கே தெரியவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து நூறு தடவை செய்த கை அது. ஒரு கேள்வியில் ஃபாஸ்ட் வந்தது. பஸ்ஸு ஞாபகம் வந்தது, விரல் நடந்தது, சரியான வட்டத்தைக் கறுப்பாக்கினாள். அந்த மகிழ்ச்சியில் நிமிர்ந்து பக்கத்து வரிசையைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பின்னால் எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், ஆனால் பார்த்தாள். அருணாவும் கேள்வித்தாளில் அதே பக்கத்தில்தான் இருந்தாள். அவள் விரலும் நடந்துகொண்டிருந்தது, பிறகு கை தலைக்குப் போனது. ஆதிலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பைத்தான் அறைக் கண்காணிப்பாளர் பார்த்தார்.

அவர் சின்ன வயசுக்காரர், கடமையில் கண். கொஞ்ச நேரமாகவே கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு அம்மா தலையில் கை வைக்கிறார், பக்கத்து அம்மாவும் தலையில் கை வைக்கிறார். ஒருவர் விரலை நடத்துகிறார், மற்றவரும் நடத்துகிறார். அப்புறம் ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சிரிக்கிறார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் வேறு என்ன நினைப்பார்கள்? சத்தம் போடாமல் போய் தலைமைக் கண்காணிப்பாளரைக் கூட்டிவந்தார். இரண்டு பேரையும் வராந்தாவுக்கு எழுந்து வரச் சொன்னார்கள்.

"என்ன சிக்னல் இது டீச்சர்?" என்று கேட்டார் தலைமைக் கண்காணிப்பாளர். நரைத்த மீசை, களைத்த குரல். "தலையில கை வெச்சா ஆப்ஷன் ஏ-வா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல சார். இது எங்க..." என்று ஆரம்பித்தாள் ஆதிலட்சுமி.

'எங்க' என்ற வார்த்தை வாயிலேயே நின்றுவிட்டது. எங்க ஸ்கூல்ல, நாங்க ரெண்டு பேரும் சேந்து, பசங்களுக்குச் சொல்லிக் குடுக்குறது. அதைச் சொல்லி முடித்தால் என்ன ஆகும் என்பது அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பேருக்குமே தெரிந்த ஒரு சைகை, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மாறி மாறிச் செய்திருக்கிறார்கள். காப்பி என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? அருணாவைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஓவியாவின் நர்சிங் படிப்பும், வீட்டு வாடகையும், செங்கம் ரோட்டில் கிடந்த புருஷன் செருப்பும் எல்லாம் அந்த முகத்தில் இருந்தன.

"என் தப்புதான் சார்" என்றாள் ஆதிலட்சுமி. "அவங்க பேப்பரைப் பாத்து எழுதலாம்னு பாத்தேன். அவங்களுக்கு இதுல சம்பந்தமே இல்ல. இந்தக் கை ஆட்டுறதெல்லாம் எனக்கு மட்டும் இருக்குற பழக்கம்."

"அவங்களும் தலையில கை வெச்சாங்களே?"

"தலைவலி சார்" என்றாள் அருணா.

"இந்த சைகை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

யோசிக்கவே இல்லை. கேட்ட கையோடு சொன்னாள். அவள் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு நிமிஷம் முன்னால் ஆசைப்பட்டது ஆதிலட்சுமிதான். ஆனாலும் அந்தத் தெரியாது சுருக்கென்று குத்தியது. கொஞ்சம் தயங்கியிருக்கலாம், ஒரு தடவை எச்சிலையாவது விழுங்கியிருக்கலாம் என்று தோன்றியது. விடைத்தாளை வாங்கிக்கொண்டு, எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டாள். அருணா திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தாள். ஆதிலட்சுமி வெயிலில் இறங்கி நடந்தாள்.

அப்பாதுரையிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவன், நிறுத்திவிட்டான்.

"அவ உனக்காவ ஒரு வார்த்தை பேசினாளா?"

"பேசினா ரெண்டு பேரும் போயிடுவோம். ஒருத்தியாவது இருக்கட்டுமே."

"அந்த ஒருத்தி ஏன் நீயா இருக்கக் கூடாது?"

முதலில் சிரித்தது நான், ஆக்‌ஷனைக் கண்டுபிடித்ததும் நான் என்று சொல்லலாம். அவளுக்குப் புருஷன் இல்லை, எனக்கு நீங்கள் இருக்கிறீர்கள் என்றும் சொல்லலாம். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

பள்ளியில் ஆக்‌ஷன் நின்றுபோனது. பெரிய டீச்சரே பிரேயரில் சொல்லிவிட்டாள், "இனிமே அந்தக் கை வெளையாட்டு கெடையாது. யாரும் பண்ணக் கூடாது. யாரு கேட்டாலும் அப்படி ஒண்ணு இருந்துச்சின்னு சொல்லக் கூடாது." பிள்ளைகள் கை கட்டிக்கொண்டு குட் மார்னிங் சொன்னார்கள். அருணா வகுப்பில் திரும்பவும் வாலைப் பிடித்துப் பாடம் நடந்தது. எல்-ஒய் வந்தா அட்வெர்ப், எல்-ஒய் வந்தா அட்வெர்ப் என்று ராகம் போட்டுக் கத்தினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஆதிலட்சுமி கேட்டுக்கொண்டிருப்பாள். தப்பு என்று தெரியும். போய்ச் சொல்லவில்லை.

பஸ்ஸில் இப்போதும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். அருணா டிபன் பாக்ஸில் அவளுக்கும் சேர்த்து ஏதாவது கொண்டுவந்தாள், நீட்டும்போது முகத்தைப் பார்க்க மாட்டாள். ஒரு நாள் பாதி வழியில் திடீரென்று, "அக்கா, நான் வேணா போய் உண்மையைச் சொல்லிடட்டா?" என்று கேட்டாள்.

"சும்மா கெட."

"ராத்திரியெல்லாம் தூக்கம் வரலக்கா."

"எனக்கு மட்டும் வருதா? சும்மா கெடன்னா கெட."

தேர்வு முடிவு வந்தது. அருணா தேறிவிட்டாள். நல்ல மதிப்பெண். ஆதிலட்சுமிக்கு முடிவு வரவில்லை, விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. முறைகேட்டில் ஈடுபட்டதற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? இந்தத் தேர்வு எழுதவே இனித் தடை வரும், தடை வந்தால் வேலையும் போகும் என்று சங்கத்துக்காரர் ஒருவர் போனில் சொன்னார். அருணா பௌர்ணமிக்கு மலை சுற்றுவதாக வேண்டுதல் என்றும், நீங்களும் வாங்கக்கா என்றும் கூப்பிட்டாள். ஆதிலட்சுமி போகவில்லை. கோபமா என்று கேட்டால் ஆமாம், கோபம்தான். தான் செய்த நல்ல காரியத்தின் மேலேயே அவளுக்கு அவ்வளவு கோபம் இருந்தது.

விசாரணைக்கு வட்டாரக் கல்வி அலுவலர் இராமலிங்கம் நேரிலேயே பள்ளிக்கு வந்தார். கெட்டவராக இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஜீப் ஏறியிருப்பார். அவர் நல்லவர். அதுதான் வினையாகப் போயிற்று.

"டீச்சர், உங்க சர்வீஸை எனக்குத் தெரியும்" என்றார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "காப்பி அடிக்கிற ஆள் நீங்க இல்ல. ரிப்போர்ட்டைப் படிச்சேன். தலையில கை வெக்கிறது, மேசை மேல விரல் நடக்குறது. ப்ரைமரி ஸ்கூல் டீச்சர் கை எதுக்கு ஆடும்னு எனக்குத் தெரியாதா? இது க்ளாஸ்ல பண்ற ஆக்‌ஷன்தானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பசங்க பண்றதைப் பாத்தேன்னு நான் எழுதி அனுப்பிடறேன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாது."

கதவு திறந்து அவள் முன்னால் நின்றது. ஆமாம் சார் என்றால் போதும். வாய் அதைச் சொல்லத் துடித்தது. ஆனால் அந்த ஆக்‌ஷன் இந்தப் பள்ளியில் நடந்தது என்று எழுதினால், இந்தப் பள்ளியின் இன்னொரு டீச்சருக்கு அது எப்படித் தெரியாமல் போயிற்று என்ற கேள்வி வராதா? இருக்கிறதே இரண்டு டீச்சர்.

"இல்ல சார். காப்பி அடிக்கத்தான் பாத்தேன்" என்றாள்.

இராமலிங்கம் நம்பவில்லை. "சரி, பசங்களை ஒருவாட்டிப் பாத்துட்டுப் போறேன்" என்று எழுந்து நேராக அருணாவின் வகுப்புக்குப் போனார். ஆதிலட்சுமி பின்னாலேயே ஓடினாள்.

பிள்ளைகள் எழுந்தார்கள். "குட் மார்னிங் சார்." எல்லாக் கையும் கட்டியபடியே இருந்தது. ஆதிலட்சுமிக்கு மூச்சு வந்தது. கரும்பலகை ஓரமாக அருணா சாக்பீஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இராமலிங்கம் சிரித்துக்கொண்டே, "என்ன படிக்கிறீங்க? க்விக்லி, அது அட்ஜெக்டிவா, அட்வெர்ப்பா?" என்று கேட்டார்.

"அட்வெர்ப் சார்!" கட்டிய கைகள் இன்னும் இறுகின. அவர் அதையும் கவனித்தார்.

"இதுக்கு ஏதோ ஆக்‌ஷன் இருக்காமே? தலையில கை வெச்சி? எனக்குக் காட்டுங்களேன்."

ஒருத்தரும் அசையவில்லை. பின் பெஞ்சில் ஒருவன் குனிந்துகொண்டான். மற்றவர்கள் பெரிய டீச்சரைப் பார்த்தார்கள். சொன்ன சொல்லைப் பிள்ளைகள் காப்பாற்றுகிறார்களே என்று ஆதிலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது தென்றல் எழுந்து நின்றாள். ஐந்தாம் வகுப்பு. மூன்று வருஷம் ஆதிலட்சுமி மடியிலேயே வளர்ந்த மாதிரி வளர்ந்தவள். பெரிய டீச்சரை இந்த ஆக்‌ஷனுக்காக வேலையை விட்டுத் தூக்கப் போகிறார்கள் என்று வீட்டில் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்திருக்கிறது. குரல் கணீரென்று வந்தது.

"சார், பெரிய டீச்சர் மேல தப்பு இல்ல சார். அவங்களை அனுப்பிடாதீங்க சார். எங்க எல்லாருக்கும் அந்த ஆக்‌ஷனைச் சொல்லிக் குடுத்தது சின்ன டீச்சர்தான் சார்."

ஆதிலட்சுமி, "அது கொழந்த சார், தெரியாம..." என்று எதையோ சொல்லப் பார்த்தாள், அது வார்த்தையாகவே வரவில்லை. இராமலிங்கம் அருணாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. ஒருத்தியைக் காப்பாற்றலாம் என்று வந்த மனுஷன் அவர். இன்னொருத்தியின் பெயரோடு திரும்பிப் போக வேண்டும் என்பது அவருக்கும் அப்போதுதான் புரிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிப்போனதை வாய் தானாகச் சொன்னது.

"உக்காரும்மா. குட் கேர்ள்."

அந்த 'குட்' விழுந்ததுதான் தாமதம், தென்றல் உண்மையைச் சொன்னதற்கு ஐயா மெச்சிவிட்டார், இனிமேல் பயமில்லை என்று நினைத்தார்களோ என்னவோ, கட்டியிருந்த கைகளெல்லாம் அவிழ்ந்து, வகுப்பு மொத்தமும் உள்ளங்கையைத் தலையில் வைத்தது.

கரும்பலகை ஓரத்தில் அருணாவின் கையும் சாக்பீஸோடு தோள் வரை எழுந்து, அங்கேயே நின்றுவிட்டது. இராமலிங்கம் அதைப் பார்த்தார்.